எலி மேல் போட்ட பழி

அக்டோபர் 16, புதன்

மகள் ஷீபா தந்த டைரி வருடம் பூராவும் சும்மாவே கிடந்தது. அங்கன்வாடியில் வேலை பார்த்தவரை தினமும் ஏதாவது ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே இருந்த கை. ரிட்டயர் ஆன பிறகு பால் கணக்கு தவிர எழுத ஒன்றும் இல்லை. இன்று எழுதும்படி ஒன்று நடந்தது. எங்கள் காரை எலி கடித்துவிட்டது.

காலையில் அவர் மருந்துக் கடைக்குக் கிளம்பினார். சாவியைத் திருகினால் ‘கட்டக் கட்டக்’ என்று சத்தம் மட்டும்தான். நாலைந்து தடவை பார்த்துவிட்டு இறங்கி பானட்டைத் திறந்தவர், “ஏட்டி தீபம், இங்க வந்து பாரு இந்த அநியாயத்த” என்று கத்தினார். தேங்காய் நார், சாக்கு நூல், என் பழைய சேலைத் துண்டு எல்லாவற்றையும் இழுத்து வந்து இன்ஜின் மேல் மெத்தை போட்டு வைத்திருக்கிறது. பக்கத்திலேயே வயர்கள் நார் நாராகக் கிடந்தன.

மெக்கானிக் மைதீன் பிச்சை மழையோடு மழையாக வந்தார். “வயல்ல தண்ணி ஏறிட்டுல்லா அண்ணாச்சி. அதுக எங்க போவும்? இன்ஜின் கதகதன்னு இருக்கும். வந்து குடும்பம் நடத்திட்டுப் போவும்” என்றார்.

“பாளையங்கோட்டையில இத்தன கார் நிக்கி. என் கார்தான் கெடச்சுதா?”

“ஓடுத வண்டில ஏறாது. நிக்கித வண்டிலதான் ஏறும்.”

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். அவர் வண்டியை ‘நிற்கிற வண்டி’ என்று ஒருத்தர் சொல்லலாமா? மதியம் சாப்பாட்டில் கை போகவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அக்டோபர் 17, வியாழன்

எலியை விரட்ட ஆளுக்கு ஒரு யோசனை. எதிர்வீட்டு சார் பாச்சா உருண்டை போடச் சொன்னார். பால்காரர் பூண்டை நசுக்கித் தடவச் சொன்னார். மைதீன் பிச்சை, புகையிலையைத் துணியில் கட்டி இன்ஜினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் எலி அண்டாது என்று சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். இவர் ஒரு எலிப்பொறியும் வாங்கி வந்தார். வீடு முழுக்கப் பெட்டிக்கடை வாசனை.

கார் ஷெட்டில் இருந்த மட்டை, சிரட்டை எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

அக்டோபர் 19, சனி

வயர் மாற்றியாயிற்று. கார் கிளம்பியதும் சின்னப் பிள்ளை மாதிரி ஹாரன் அடித்துக் காட்டினார்.

தினமும் சாயங்காலம் புகையிலை முடிச்சைப் பார்த்து மாற்றுவது என் வேலை. காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுவது அவர் வேலை. அப்படிப் பிரித்துக்கொண்டோம்.

அக்டோபர் 20, ஞாயிறு

காரில் கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிந்து திரும்பும்போது, எங்கள் தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு பிள்ளை சைக்கிளில் வந்தது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை. கையில் வசன அட்டை வைத்திருந்தது. நான் “என்னங்க!” என்று கத்தினேன். இவர் பிரேக் போட்டார். சைக்கிள் சாய்ந்துவிட்டது. பிள்ளை குதித்துவிட்டது. ஒன்றும் அடியில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இவர் இறங்கிப் போய், “பாத்து வரமாட்டியா? ரோட்டுல வாரியா, வீட்டுக்குள்ள வாரியா?” என்று அந்தப் பிள்ளையைச் சத்தம் போட்டார். அது அழுதது. நான் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்து வருவதில்லைதான்.

அக்டோபர் 21, திங்கள்

மழை. சரியாகத் தூக்கமில்லை.

அக்டோபர் 23, புதன்

ஷீபா போன் பண்ணினாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் டிசம்பர் எட்டாம் தேதி, நாகர்கோவிலில் அவர்கள் கோயிலில் வைத்து. எங்களுக்கு முதல் பேத்தி. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்ததுதான்.

இவர் போனைப் பிடுங்கி, “என் பேத்திய என் வண்டியிலதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். வேற கார் எதுவும் பேசாதிய” என்றார்.

“அவ்ளோ தூரம் நீங்க ஓட்டணுமாப்பா? ஒரு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கிடுங்களேன்.”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவனுக்கு ஆக்டிங் டிரைவரா? எங்கிட்ட ஆக்டிங் எல்லாம் ஆகாது.”

போனை வைத்தபிறகு சிரித்தார். ஈஸ்டரின்போது ஷீபா இதையே வேறு மாதிரி, “அப்பா இனிமே ஓட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். அப்போது ஒரு வாரம் யாரோடும் பேச்சில்லை. அப்படி இன்னொரு வாரம் எனக்கு வேண்டாம். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

அக்டோபர் 26, சனி

பிரிட்ஜ் கதவில் இரண்டு சொட்டு மருந்து இருந்தது. இன்று பார்த்தால் மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆகஸ்டில் தனியாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, “கண்ணு வறண்டிருக்காம், வேற ஒண்ணுமில்ல” என்று சொன்னார். வறட்சிக்கு இத்தனை மருந்தா?

சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். டம்ளர் இலைக்கு இடது பக்கம் இருந்தது. “எங்கயாது கண்ட எடத்துல வைக்க” என்று என்னைக் கோபித்தார். நான் எப்போதும் வைக்கிற இடம்தான். துடைத்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

புகையிலை மாற்ற மறந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

இன்றும் மறந்துவிட்டேன். நாளெல்லாம் மழை, ஷெட்டுப் பக்கம் போகவே முடியவில்லை.

பொறியை மாடிப்படிக்குக் கீழே மாற்றி வைத்தேன். காருக்கு அடியில் இருந்தால் அவர் காலில் இடித்துவிடும்.

நவம்பர் 2, சனி

மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு நன்றாக இருந்தது, வாங்கினேன். “கருவாடா? மழ நேரத்துல குழம்பு வச்சா நல்லாருக்கும்” என்றார். நாளைக்கு வைக்கிறேன் என்றேன்.

மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. துவைத்த துணியையே எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

காரில்தான் கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். “அந்தா பாருங்க, செல்லத்துரை மக சைக்கிள்ல போறா.” “இந்தா பாருங்க, இந்த ஆடு நம்ம பக்கமா வருது.” “இந்தக் கடை வாசல்ல பைக்க எப்படி நிப்பாட்டியிருக்கான் பாருங்க.” தொண்டை வறண்டுவிட்டது. வேறு நாளாக இருந்தால் “வாயை மூடுட்டி” என்பார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. காரும் மெதுவாகத்தான் போனது.

திரும்பி வந்ததும் கேட்டார், “கருவாட்ட எங்க?”

பூனை தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றேன்.

நவம்பர் 6, புதன்

கார் கிளம்பவில்லை.

மறுபடியும் எலி. இந்தத் தடவை நன்றாகவே கடித்திருக்கிறது. இவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி நின்றார். பாவமாக இருந்தது. எனக்கு மதியம் படுத்ததும் நல்ல தூக்கம். பல நாட்களுக்குப் பிறகு.

நவம்பர் 7, வியாழன்

மைதீன் பிச்சைக்குக் காயல்பட்டினத்தில் கல்யாண வீடாம், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அவசரமில்லை, மெதுவாக வரட்டும் என்று போனில் சொன்னேன். இவர் பக்கத்தில் இருந்து, “அவசரம்னு சொல்லு, அவசரம்னு சொல்லு” என்றார். அவசரம் என்றும் சொன்னேன்.

நவம்பர் 11, திங்கள்

மைதீன் பிச்சை வந்து வேலையை முடித்தார். புது வயர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, இன்ஜினுக்கு அடியில் கம்பி வலை அடித்திருக்கிறார். பொந்து பொந்தாக இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிட்டார்.

“இனி எலி என்ன, எறும்பு கூட ஏறாது அக்கா” என்றார்.

நல்ல மனிதர். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். என் காபி கைபடாமல் ஆறிப்போயிற்று.

வலையைக் குனிந்து தடவிப் பார்த்த மைதீன் பிச்சை, அடியில் இருந்து ஒரு கருவாட்டுத் தலையை எடுத்து, “இது எப்படி இங்க வந்துச்சு?” என்று கேட்டார்.

“பூனை” என்றார் இவர். எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

நவம்பர் 14, வியாழன்

இவர் ரேஷன் கடைக்குக் கிளம்பினார், நானும் போனேன். மீன் வாங்கக் கிளம்பினார், நானும் போனேன். “ஒனக்கு வீட்ல வேல இல்லியா?” என்றார். “வீட்டுக்குள்ளயே கெடந்தா மூச்சு முட்டுது” என்றேன். முன் சீட்டில் உட்கார்ந்து, இடது பக்கம் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பெட்டிக்கடை, நாய், குழாயடியில் நிற்கிற பெண்கள், புதிதாகக் கட்டுகிற வீடு.

வீட்டுக்கு வந்து காரை உள்ளே விடும்போது மட்டும் நான் கேட்டைத் திறக்க இறங்கிவிட்டேன். செம்பருத்திச் செடி வைத்திருந்த தொட்டி உடைந்தது. இடது பக்கம் இருந்த தொட்டி.

நவம்பர் 19, செவ்வாய்

ஷீபாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். “என்னம்மா?” என்றாள். பிள்ளைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஞானஸ்நான வீட்டுக்கு இவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். கார் சீட்டுக்கும் புது உறை. அந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம், அதில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஷீபா உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அடுக்களைக்குள் போய்விடுகிறேன். அங்கேயும் நிற்க முடியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இவர் மாத்திரை வாங்க டவுனுக்குப் போனார். நடந்து போகச் சொன்னேன், பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும் என்றேன். கேட்கவில்லை. கார் வெளியே போகிற சத்தம் கேட்டது. படுத்துக்கொண்டே தெருச் சத்தத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே ஹாரன் அடித்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். மாத்திரையைக் கையில் கொடுத்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காரின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. படு.”

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. கோயிலுக்கு நடந்தே போகலாம், காலுக்கு நல்லது என்று அவரே சொன்னார். எனக்கு ஆச்சரியம். கேட்கவில்லை.

நவம்பர் 27, புதன்

கார் கிளம்பவில்லை.

சத்தியமாக இந்தத் தடவை நான் ஒன்றும் வைக்கவில்லை. கருவாடு வாங்கியே மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. வலை வேறு அடித்திருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

மைதீன் பிச்சை பானட்டுக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். இவர் பக்கத்திலேயே நின்று, “எலிதான் வே, எலிதான். எப்படியோ உள்ள வந்துட்டு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மைதீன் பிச்சை தலையாட்டினார். இவர் உள்ளே போனதும், என்னைக் கேட் பக்கம் கூப்பிட்டு ஒரு வயர்த் துண்டைக் கையில் வைத்தார்.

“அக்கா, எலி கடிச்சா நார் நாரா நிக்கும். இதப் பாருங்க. கத்தி வச்ச மாதிரி ஒரே வெட்டு. குழாயோட சேத்து வெட்டியிருக்கு. இது கட்டிங் பிளேயர்.”

“யாரு வெட்டப் போறா?”

“அதான் கேக்கேன். அக்கம்பக்கத்துல யாராது சண்டையா? கேஸ் குடுத்துருவோமா?”

வேண்டாம் என்றேன். நான் செய்யவில்லை. நான் செய்தது வேறு. ஆனால் இவர் என்னைத்தான் நினைப்பாரோ? பிறகுதான் நினைவு வந்தது, எலிதான் எலிதான் என்று இவர் எதற்கு அத்தனை தடவை சொன்னார்?

வேலையை முடித்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் மைதீன் பிச்சை. இவர் இந்தத் தடவை ஹாரன் அடிக்கவில்லை.

நவம்பர் 30, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு நான் படுப்பேன் என்று அவருக்குத் தெரியும். படுத்தேன், தூக்கம் வரவில்லை, அடுக்களைக்குப் போனேன். அடுக்களை ஜன்னலில் நின்றால் ஷெட் தெரியும். பானட் திறந்திருந்தது. இவர் குனிந்து நின்றார். வலது கையில் பிளேயர். இடது கையை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்க்கவே இல்லை, முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. விரலால் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுத் தொட்டு, ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். முப்பது வருடம் எத்தனையோ வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்துப் பார்த்த மனிதர். பிறகு வெட்டினார்.

நான் உள்ளே வந்து காபி போட்டேன். பால் பொங்கி வழிந்தது. இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே போனேன். என் காலடி கேட்டதும் பிளேயரைச் சட்டைக்குப் பின்னால் ஒளித்தார்.

“தூங்கலயா?” என்றார்.

“தூக்கம் வரல. காபி குடிங்க.”

கார் கதவைத் திறந்து, சீட்டு ஓரத்தில் உட்கார்ந்து குடித்தார். நான் தூணில் சாய்ந்து நின்றேன். மழை தூற ஆரம்பித்தது. அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தீபம், அன்னிக்கு அந்தச் சைக்கிள் பிள்ள எந்தப் பக்கம் வந்துச்சு?”

“இடது பக்கம்.”

“திடீர்னு வந்துச்சா?”

நான் தூறல் படாமல் தள்ளி நின்றேன்.

“சொல்லு. திடீர்னு வந்துச்சா, ரொம்ப நேரமா வந்துட்டுதான் இருந்துச்சா?”

“முக்குக் கடையில இருந்து நம்ம கூடயேதான் வந்துச்சு.”

“எனக்குத் தெரியவே இல்லட்டி. நீ கத்துனப்பதான் அங்க ஒரு பிள்ள இருக்குன்னே தெரியும். அதப் போயி நான் ஏசுனேன்.”

டம்ளரைக் கீழே வைத்தார். வைக்கிற இடத்தை முதலில் கையால் தடவிப் பார்த்து வைத்தார். இதைக் கூட இத்தனை நாள் நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

“இடது கண்ணு போயிட்டு. நரம்பு செத்துட்டாம். ஆகஸ்ட்லயே சொல்லிட்டாவ. இருக்குத கண்ணக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து. வண்டியத் தொடக்கூடாதுன்னு சொன்னாவ.”

“எங்கிட்டச் சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீ ஷீபாட்டச் சொல்லுவ. அவ சாவிய வாங்கிருவா. அப்புறம் நான் என்ன செய்ய? காலைல எந்திச்சு எங்க போவ?” கார் கதவைத் தடவிக்கொடுத்தார். “நீ பக்கத்துல இருந்து, அந்தா ஆடு, இந்தா மாடுன்னு சொல்லிட்டே வந்தல்லா. அதக் கேட்டுத்தான் ஓட்டுனேன். சமாளிச்சுக்கிடலாம்னு நெனச்சேன். நீ காய்ச்சல்ல கெடந்த அன்னிக்கு தனியாப் போனேன். ஒரு பெரியவர் ஓரமா நடந்து போயிட்டிருந்தாரு. குடைல தட்டிட்டு. குடை எங்கயோ பறந்து போச்சு. கண்ணாடி ஒடஞ்சிட்டு. அவரு என்னப் பாத்து, பரவாயில்ல ஐயா, குடதானன்னு சிரிச்சாரு. நான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்து, அந்த முக்குல வண்டிய நிப்பாட்டி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.”

“அதான் வர நேரமாச்சா?”

“ம். கோயிலுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போவேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிட்டு மாட்டேன்னு சொல்ல? எலி மேல போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாவள்லா.”

எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. இனி மறைத்து என்ன?

“அதுக்கு முந்தி கடிச்ச எலிக்குக் கருவாடு வச்சது நான்தான்” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். கழுத்தை நன்றாகத் திருப்பினால்தான் நான் அவருக்குத் தெரிவேன் போலிருக்கிறது. வாயைத் திறந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சிரிப்பு.

“எனக்கு அப்பவே தெரியும்ட்டி. பூனை நெத்திலியத் தின்னா தலையோடல்லா திங்கும்.”

“தெரிஞ்சுமா எனக்கு முந்திப் பூனைன்னு சொன்னிய?”

“பின்ன? மைதீன் முன்னால என் பொண்டாட்டிய விட்டுக் குடுப்பனா?”

மழை பலத்து, ஷெட்டுக்குள் சாரல் அடித்தது. உள்ளே வந்துவிட்டோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஒரு மாதமாகச் சுமந்தது இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இறங்கவில்லை. இன்னொன்று ஏறியிருக்கிறது. “ஷீபாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ சொல்லக்கூடாது” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஷீபா போன். “வண்டி ரெடியாப்பா?” இவர், “ரிப்பேரும்மா. பஸ்ல வந்துருதோம்” என்றார். “திரும்பவும் எலியா?” என்று அவள் சிரித்தாள். “ஆமா, எலிதான்” என்றார்.

போனை வைத்தபிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

இன்னும் சொல்லவில்லை. இன்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தார். ஒரு தடவை நம்பரைப் போட்டே விட்டார். பிறகு, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும் என்று வைத்துவிட்டார். மருந்து விடும் நேரம் மட்டும் தவறவில்லை. இப்போது நான்தான் விட்டு விடுகிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்த இடது கண் எப்போதும் போலத்தான் இருக்கிறது, பளபளவென்று. உள்ளே ஒன்றுமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

டிசம்பர் 7, சனி. நாகர்கோவில்

பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். டிரைவர் இவரோடு வேலை பார்த்தவரின் தம்பியாம். “வேதமாணிக்கம் அண்ணாச்சியா! முன்னால வாங்க, ரோட்டப் பாத்துட்டு வரலாம்” என்று தனக்குப் பின்னால் இருந்த சீட்டைக் காட்டினார். இவர், “இல்ல வே, வீட்டம்மா கூட உக்காருதேன்” என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வள்ளியூர் தாண்டும்வரை கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி அழுந்திக்கொண்டே இருந்தது. பிறகு சும்மா இருந்தது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நல்ல கூட்டம். எப்போதும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடக்கிறவர் படியில் நின்றுவிட்டார். நான் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் அவருக்கு இடது பக்கம் போய் நின்றேன். என் தோளில் கை வைத்து இறங்கினார். ஸ்டாண்டைத் தாண்டும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

ஷீபா வீட்டில் சமையல், மாலை, விருந்தாளிகள் என்று ஒரே அமளி. இவர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஷீபாவிடம் சொல்ல இடமே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பாரா தெரியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

மாப்பிள்ளை ஏற்பாடு செய்த வேனில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பிள்ளை வெள்ளைக் கவுனில் இருந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் ஒரு கத்து கத்தியது, கோயில் பூராவும் சிரித்தது. பெயர் வைத்தார்கள்: ஏஞ்சலின் தீபா. என் பெயரில் பாதி. ஷீபா எனக்கு முன்பே சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

ஆராதனை முடிந்து வாசலில் போட்டோ எடுக்க நின்றோம். சம்பந்தி வீட்டார், போதகர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் சுற்றி நின்றார்கள். “தாத்தா கையில குடுங்க, ஒரு போட்டோ” என்று யாரோ சொன்னார்கள். ஷீபா பிள்ளையைக் கொண்டு வந்து, வழக்கமாக எல்லோரும் வாங்குகிற மாதிரி, தலை இடது கையில் வருமாறு நீட்டினாள்.

இவர் கையை நீட்டவில்லை.

“என்னப்பா? வாங்குங்க.”

நான் முன்னால் போய் வாங்கிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். இவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து நிறுத்தினார்.

“அந்தப் பக்கமா வேண்டாம் ஷீபா” என்றார். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. போட்டோக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு இடது கண்ணு தெரியாது. வலது பக்கமா தா. பிள்ள முகத்தப் பாக்கணும்.”

ஷீபா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“எப்ப இருந்துப்பா?”

“ரொம்ப நாளாச்சு. வண்டியும் இனிமே ஓட்ட மாட்டேன். அதயெல்லாம் பெறவு பேசிக்கிடுவோம். மொதல்ல பிள்ளையத் தா.”

ஷீபா பிள்ளையைத் திருப்பி, தலை அவர் வலது கையில் வருமாறு வைத்தாள். புதுச் சட்டையில் பிள்ளையின் தலை ஈரம் பட்டது. அவர் கழுத்தைச் சாய்த்துக் குனிந்து, பஸ் கண்ணாடி வழியாகத் தூரத்து ரோட்டைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். போட்டோக்காரர் இரண்டு தடவை “இங்க பாருங்க சார்” என்றார். இவர் நிமிரவே இல்லை.

“மூக்கு உன்னய மாதிரில்லா இருக்கு, தீபம்” என்றார். “எனக்கு யாருமே சொல்லல.”